மேஜர் டெய்லர் திரும்பி வந்த ஆண்டு

(ஆரம்பாக்கத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டை விட்டுப் போய்ச் சில வருடம் கழித்துத் திரும்பி வருவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிள் போட்டியில் ஓடியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். இப்போது சிப்காட்டிலோ எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலோ ஷிப்டு வேலை. மறுபடியும் ஓட்டலாமா என்பது உங்கள் கேள்வி. "மனசு வைத்தால் முடியும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவது சுலபம். நான் அதற்கு வரவில்லை. அப்படித் திரும்பி வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். எதனால் அவரால் முடிந்தது என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

அவர் பெயர் மார்ஷல் வால்ட்டர் டெய்லர். 1878இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பிறந்த கறுப்பர். அப்பா ஒரு பணக்கார வெள்ளையர் வீட்டில் வண்டியோட்டி. அந்த வீட்டுப் பையனுக்கு விளையாட்டுத் துணையாகப் போனதில் இவருக்கும் ஒரு சைக்கிள் கிடைத்தது. ஒரு சைக்கிள் கடை வாசலில் பட்டாளத்து உடுப்புப் போட்டுக்கொண்டு வித்தை காட்டியதால் 'மேஜர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு அமெரிக்காவில் சைக்கிள் பந்தயத்தை ஆண்டது 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்' என்ற சங்கம். கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்கக் கூடாது என்று 1894இல் ஓட்டெடுப்பு நடத்தித் தீர்மானம் போட்டார்கள். இது நமக்குப் புரியாத விஷயமா? சேரித்தெருவிலிருந்து சைக்கிளில் வருகிறவன் ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் இருந்தது! சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. இரண்டு சக்கரத்தைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்? சைக்கிளில் போகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், யாருக்காகவும் நிற்காமல் போகிறான். அதுதான் பொறுக்கவில்லை. நம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தோக்கமூரில் எழுப்பிய தீண்டாமைச் சுவரை அதிகாரிகள் 2022இல்தான் இடித்தார்கள். பாதை யாருக்கு என்ற சண்டையை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

டெய்லருக்கு வருவோம். 1896இல் நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் தொழில்முறை வீரராக இறங்கினார். ஆறு நாளில் 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தார். அதற்குப் பிறகு வெள்ளை வீரர்கள் பந்தயத்தில் ஒன்றுசேர்ந்து அவரை நடுவில் விட்டுச் சுற்றி அடைத்துக்கொள்வார்கள். முன்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன், பின்னால் ஒருவன். வழி கிடைத்தால்தானே ஜெயிக்க முடியும்? 1897இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்டன் என்ற ஊரில் ஒரு பந்தயம். டெய்லருக்குப் பின்னால் வந்த பெக்கர் என்ற வீரர், பந்தயம் முடிந்ததும் அவரைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். டெய்லருக்கு நினைவு திரும்பக் கால் மணி நேரம் ஆனது. பெக்கருக்குத் தண்டனை 50 டாலர் அபராதம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தாண்டி 1899 ஆகஸ்டில் மான்ட்ரியலில் ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு வூஸ்டர் நகரத்தில் வெள்ளையர் வாழும் தெருவில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி, கூடப் பணம் தருகிறோம், வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார்கள். உலகச் சாம்பியன்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரனாக வேண்டாம். அவர் கொடுக்கவில்லை.

1903, 1904 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவில் ஓடினார். அமெரிக்காவில் அவருக்குக் கொடுமை செய்த மெக்ஃபார்லண்ட் போன்றவர்கள் அங்கேயும் வந்து ஆள் சேர்த்துக்கொண்டு அதே அடைப்பு வேலையைச் செய்தார்கள். 1904இல் ஊர் திரும்பியபோது உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிருந்தன. ஐரோப்பாவில் ஓட ஒப்புக்கொண்டிருந்தும் போகவில்லை. அதற்காகத் தடை விதித்தார்கள், வழக்கும் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் சைக்கிள் பந்தயத்தின் பக்கமே போகவில்லை. இதைச் சோம்பல் என்று சொல்வீர்களா? காலில் பலம் இல்லாமல் அவர் விலகவில்லை. தினம் தினம் அவமானத்தைத் தாங்குவதும் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஓய்வும் கிடையாது, கூலியும் கிடையாது.

நம் நாட்டில் ஒரு விலகல் வேறு மாதிரி நடந்தது. 1920இல் பம்பாயில் தலித் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவை இந்து அணியிலிருந்து நீக்கியபோது, தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து வெளியேறினார்கள். வெளியேறியது பலித்தது. 1923இல் விட்டல் அந்த அணிக்கே தலைவரானார். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நின்றார்கள், வெளியே ஆதரவும் இருந்தது. டெய்லர் தனி ஆள்.

1907இல் அவர் திரும்பி வந்தார். உடம்பு பெருத்திருந்தது. ஆரம்பத்தில் முன்பு சுலபமாக ஜெயித்தவர்களிடமெல்லாம் தோற்றார். ஆனால் விடாமல் அந்தப் பருவம் முழுக்க ஓடினார். 1908இல், 29 வயதில், பாரிஸில் நின்ற நிலையிலிருந்து புறப்படும் கால் மைல், அரை மைல் ஓட்டங்களில் உலக சாதனை வைத்தார்.

இந்த இடத்தில்தான் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கைதட்டச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். பாரிஸில் பந்தயம் நடத்துகிறவர்கள் பணம் பேசி அவரை அழைத்தார்கள். முன்பு சம்பாதித்து வைத்த வீடு இருந்தது. பயிற்சி செய்யப் பகல் முழுக்க அவர் கையில் இருந்தது. தோற்றுத் தோற்று உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒரு பருவம் கிடைத்தது. முதல் பந்தயத்தில் தோற்றதும் "போதும், கிளம்பு" என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நம் பக்கம் பாருங்கள். அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறார்கள். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. இந்தியாவில் செய்த சாதாரண கைப்பிடி சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அரசு கொடுத்த இலவச சைக்கிளை வைத்தே ஜெயிக்கலாம். அந்த இலவச சைக்கிள் திட்டம்கூட 2001-02இல் முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் வந்தது, பிறகுதான் எல்லோருக்கும் ஆனது. 17 வயது முடிந்ததும் இந்தச் சமத்துவமும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பந்தய சைக்கிள் வேண்டும், அது லட்சத்தில் பேசுகிற சாமான். வெலோட்ரோம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. சென்னையைக் கடந்து போக வேண்டும். இங்கே பயிற்சிக்கு இருப்பது லாரிகள் பறக்கும் தேசிய நெடுஞ்சாலை. வாரம் ஒரு ஷிப்டு மாறினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பயிற்சி உடம்பில் ஒட்டாது. நீங்கள் விளையாட்டை விட்டதாகச் சொல்கிறார்கள். விளையாட்டுதான் உங்களை விட்டுவிட்டுப் போனது என்பேன்.

அதனால், திரும்ப ஓட்ட நினைக்கிறவர்கள் தனித்தனியாகத் தொடங்காதீர்கள். நான்கு பேருக்கு ஒரு பந்தய சைக்கிள் என்று தொடங்கலாம். விடியற்காலையில் நெடுஞ்சாலையை விட்டு, பழவேற்காடு ஏரிப் பக்கம் போகும் கிராமச் சாலைகளில் கூட்டமாக ஓட்டுங்கள். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், முழங்கால் மெதுவாகத்தான் வரும். முதல் இரண்டு மாதம் வேகத்தைத் தொடாதீர்கள். பயிற்சி எடுக்கிறவருக்கு ஷிப்டு மாற்றாமல் இருக்கும்படி தொழிற்சங்கத்தை வைத்துக் கேட்போம். 17 வயதைக் கடந்தவர்களுக்கும் அதே சாதாரண சைக்கிளில் ஒரு பிரிவு வேண்டும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் மனு கொடுப்போம். பெண்கள் பிரிவையும் மறக்காமல் எழுத வேண்டும். மனுவை இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம்.

டெய்லருக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1910இல் ஓய்வு பெற்றார். தொழிலில் பணம் போனது. தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதி, அச்சடித்து, வீடு வீடாகப் போய் விற்றார். 1932இல் சிகாகோவில் தரும ஆஸ்பத்திரி வார்டில் இறந்தார். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை, ஏழைகளின் இடுகாட்டில் புதைத்தார்கள். 1948இல் பழைய சைக்கிள் வீரர்கள் சேர்ந்து வேறு இடத்தில் முறையாக அடக்கம் செய்தார்கள். அந்தச் சங்கம் 1894 தீர்மானத்தை ரத்து செய்தது 1999இல், அவர் இறந்து 67 ஆண்டுகள் கழித்து.

அதற்கு நடுவில் ஒன்று. 1917இல் நியூஜெர்சியில் பழைய வீரர்களுக்கென்று ஒரு பந்தயம் வைத்தார்கள். 38 வயதில் டெய்லர் மறுபடியும் சைக்கிள் ஏறினார். அதிலும் அவர்தான் முதல்.