கொசுறுக் குருவி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் சிந்திக்க இருப்பது வேட்டையைப் பற்றி. மறையுரையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. மேற்கு மலைக்கு அப்பால் பெரியாறு புலிகள் காப்பகம். இந்தப் பக்கம் மேகமலை. 2021 முதல் அதுவும் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. நடுவில் நம் நெல்வயலும் திராட்சைப் பந்தலும் வாழைத்தோட்டமும். காடும் கழனியும் ஒரே வரப்பில் சந்திக்கிற ஊர்கள் நம்முடையவை. இந்த ஊர்களில் ஒரு பிள்ளை தன் தகப்பனிடமிருந்து உயிர்களைப் பற்றி எதைக் கற்றுக்கொள்கிறது? இதுவே இன்றைய கேள்வி.

திருவிவிலியம் வேட்டையை மூடி மறைக்கவில்லை. ஈசாக்கின் மூத்த மகன் ஏசா கைதேர்ந்த வேட்டைக்காரன். மகன் கொண்டுவந்த இறைச்சியைத் தகப்பன் விரும்பி உண்டார் என்று தொடக்கநூல் சொல்கிறது. ஆனால் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துவிடாதே. தாயைப் போகவிடு என்பது அதன் சாரம். அப்படிச் செய்தால் நலமும் நீண்ட ஆயுளும் கிடைக்கும் என்று கடவுள் வாக்களிக்கிறார். இதே வாக்குறுதியை வேறெங்கு கேட்டிருக்கிறோம்? தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளையில்! பெற்றோரை மதிப்பவருக்கு என்ன ஆசியோ, அதே ஆசி ஒரு தாய்க்குருவியைப் பறக்கவிடுகிறவருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் கற்கவேண்டிய பாடங்கள் என்று ஆண்டவர் நினைக்கிறார் போலும்.

அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த சிறுவனின் கதையைக் கேளுங்கள். இந்தியாவின் பறவை மனிதர் என்று போற்றப்படும் சலீம் அலி 1896-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜிதான் பம்பாயில் அவரை வளர்த்தார். மாமா நல்ல வேட்டைக்காரர். சிறுவன் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்தது. ஒருநாள் அவன் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை போல ஒரு திட்டு இருந்தது. இது வழக்கமான குருவி இல்லையே, இதை உண்பது தன் மார்க்கத்துக்கு ஏற்குமா என்று பையனுக்குச் சந்தேகம். பறவையை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனான்.

அந்த மாமா என்ன செய்தார் பாருங்கள். 'போடா, ஒரு குருவிக்கு இத்தனை கேள்வியா' என்று விரட்டவில்லை. தனக்கும் அது என்ன பறவை என்று தெரியாததால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். 1908-இல் அங்கே போன சிறுவனுக்கு, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளை மில்லார்டு பொறுமையாகக் காட்டினார். அன்று திறந்தது ஒரு வாழ்க்கையின் கதவு. 1933-இல் திருவிதாங்கூர் பறவைகளை ஆராய வந்தபோது, நமக்கு மேலே இருக்கிற குமுளியிலும் அவர் முகாமிட்டிருந்தார். ஆய்வுக்காக அவர் பறவைகளைச் சுட்டதுண்டு. வீணாகச் சுடுவதை ஏற்றதில்லை. 1985-இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றுக்கு 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்தார்.

அந்தத் தலைப்பைக் கேட்டதும் நமக்கு நற்செய்தி நினைவுக்கு வருகிறது. மத்தேயு எழுதும்போது ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா எழுதும்போது இரண்டு காசுக்கு ஐந்து குருவி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது குருவி கொசுறு! சந்தையில் விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் வானகத் தந்தை மறப்பதில்லை என்கிறார் இயேசு.

அன்பார்ந்தவர்களே, முறையாகத் துப்பாக்கி பழக்குகிறவர்கள் சுடுவதற்கு முன்னால் சுடாமல் இருப்பதைத்தான் கற்பிக்கிறார்கள். தோட்டா இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே எண்ணு. விளையாட்டுக்குக்கூடக் குழலை மனிதர் பக்கம் திருப்பாதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதே. வீடு திரும்பியதும் தோட்டாவைக் கழற்றித் தனியே பூட்டி வை. இந்த நான்கும் ஒரே பாடம்தான்: கை நீளும் முன் கண் பார்க்கட்டும், கண் பார்த்தபின் மனம் யோசிக்கட்டும்.

இன்று நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் அந்தக் கதவை மூடிவிட்டன. மானும் மிளாவும் மயிலும் முயலும் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். அப்படியானால் அந்தப் பழைய பாடம் நமக்குத் தேவையில்லையா? முன்னைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது.

ஏனென்றால் துப்பாக்கி போன இடத்தில் வேறு இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று, மின்கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த கம்பி. மற்றொன்று, பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய். துப்பாக்கி பிடித்தவன் கடைசி நொடியிலாவது விரலை எடுத்துவிடலாம். கம்பிக்குக் கண் கிடையாது. வந்தது பன்றியா, யானையா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று அது கேட்காது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடிமருந்து வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஒன்று, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிர்விட்டது. அதை வைத்தவர் அந்த யானையை நினைத்து வைத்திருக்க மாட்டார். ஆனால் பார்க்காமல் கொல்வது அப்படித்தான் முடியும்.

விவசாயியின் வேதனை நமக்குத் தெரியும். கடன் வாங்கிப் போட்ட வாழையை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த வேதனைக்கு வழி கேட்பது நியாயம். இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் எழுதிக் கொடுக்கலாம். முறைப்படி அனுமதி பெற்றுச் சூரிய மின்வேலி போடலாம். தாமதமானால் ஊராகச் சேர்ந்து போய்க் கேட்கலாம். பங்கில் உள்ள நாமும் உடன் போவோம். ஆனால் இரவில் தகப்பன் ஒளித்துக் கட்டுகிற கம்பியைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்குக் கணக்கில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. உண்டிவில்லோடு மரத்தடியில் நிற்கும் சிறுவனும் யாரோ ஒருவரைப் பார்த்துத்தான் நிற்கிறான்.

மனம் மாற முடியுமா? முடியும். குமுளிப் பக்கம் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து இலவங்கப்பட்டை உரித்தவர்கள், 1990களின் கடைசியில் வனத்துறையோடு சேர்ந்தார்கள். வழக்குக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த அதே தடங்களில் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் நடக்கத் தொடங்கினார்கள். காட்டைப் பற்றிய அறிவு அதேதான். அதைப் பயன்படுத்திய மனம் மாறியது. பிள்ளைகளுக்கு முன்னால் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய வேலை கிடைத்தது.

இந்த வாரம் ஒன்று செய்வோம். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை தோட்டத்துக்கோ ஆற்றங்கரைக்கோ போங்கள். ஒரு பறவையைக் காட்டி அதன் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். சலீம் அலியின் மாமா செய்தது அவ்வளவுதான்.

மன்றாடுவோம்: கொசுறுக் குருவியையும் நினைவில் வைத்திருக்கும் தந்தையே, எங்கள் விளைச்சலைக் காத்தருளும். எங்கள் கைகளுக்குப் பொறுமையையும் எங்கள் பிள்ளைகளின் கண்களுக்கு இரக்கத்தையும் தாரும். ஆமென்.