ஏசி ரூமில் ஒரு பவளப்பாறை: காலையில் பிஎச் ஏன் இறங்குகிறது?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் கெமிஸ்ட்ரி இருக்கு. பயப்படாதீங்க, பத்தாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இருந்தா போதும்.

வீட்டுல உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்கற ஒரு கேள்வி இது. "ராத்திரி லைட் அணைக்கும்போது பிஎச் 8.2. காலையில எழுந்து பார்த்தா 7.8. கடையில பிஎச் ஏத்தற பாட்டில் குடுத்தாங்க. ஊத்தினா ரெண்டு மணி நேரம் ஏறுது, அப்புறம் பழையபடி இறங்கிடுது. என்ன பண்றது?"

முதல் பதில்: அந்த பாட்டிலை மூடி ஓரமா வைங்க. ஏன்னு சொல்றேன்.

பிஎச் அளவுகோல் நம்ம ஸ்கேல் மாதிரி சமமா போறது இல்ல. 8.2-க்கும் 7.8-க்கும் வித்தியாசம் வெறும் 0.4தான். ஆனா தண்ணியில ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகியிருக்கும். அதனால சின்ன மாற்றம்னு ஒதுக்கவும் முடியாது. அதே நேரம் பதறவும் வேண்டாம். 7.8-லிருந்து 8.4 வரைக்கும் பவளங்கள் பொதுவா தாங்கும். பகல்ல ஏறி ராத்திரி இறங்கறதும் இயல்புதான். வெளிச்சம் இருக்கும்போது பவளத்துக்குள்ள இருக்கற பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கும். இருட்டினதும் டேங்க்ல இருக்கற எல்லா உயிரும் சேர்ந்து அதை வெளிய விடும். அது தண்ணியில கரைஞ்சு கார்பானிக் அமிலம் ஆகும். பிஎச் இறங்கும்.

இதுவரைக்கும் உலகத்துல எல்லா டேங்குக்கும் பொருந்தும். இனிமே சென்னைக் கதை.

தி.நகர்ல ஒரு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்னு வச்சுக்குங்க. டேங்குக்குத் தண்ணி 25, 26 டிகிரி வேணும். மே மாசத்துல அது நடக்கற காரியமா? அதனால டேங்க் ஏசி ரூம்ல இருக்கும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ள கொண்டுவராது, ரூம்ல இருக்கற காற்றையே சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். ஜன்னல் சாத்தி, கதவு சாத்தி, ரெண்டு பேர் தூங்கறாங்க. வெளியில கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். இப்படி மூடின ரூம்ல விடியறதுக்குள்ள அது 1,500-ஐத் தாண்டறது சாதாரணம். காற்றுல அது ரெண்டு மடங்கானாலே தண்ணியோட பிஎச் கிட்டத்தட்ட 0.3 இறங்கும். ஆக, உங்க டேங்க்ல தப்பு எதுவும் இல்லாம இருக்கலாம். உங்க மூச்சுதான் அதுல கரைஞ்சிருக்கு.

இதை உறுதி பண்ண ஒரு எளிய சோதனை இருக்கு. காலையில ஒரு டம்ளர் டேங்க் தண்ணி எடுங்க, பிஎச் பாருங்க. டம்ளரை பால்கனிக்குக் கொண்டு போய் ஒரு மணி நேரம் ஏர் பம்ப் ஓட விடுங்க. மறுபடி பாருங்க. பிஎச் நல்லா ஏறியிருந்தா, குத்தவாளி ரூம் காற்று. ஏறவே இல்லன்னா, ஆல்கலினிட்டி குறைஞ்சிருக்கலாம்.

இந்த ஆல்கலினிட்டிதான் இன்னைக்கு முக்கியமான வார்த்தை. பிஎச் வேற, ஆல்கலினிட்டி வேற. அமிலம் வந்தா தாங்கிக்கற சக்திதான் ஆல்கலினிட்டி. கடல் தண்ணியில இது சுமார் 7 டிகேஎச் இருக்கும். டேங்க்ல 7-லிருந்து 11 வரைக்கும் வச்சுக்கலாம். பவளம் எலும்புக்கூடு கட்டறது கால்சியம் கார்பனேட்டால. அதுக்கு வேண்டிய கார்பனேட் இங்கிருந்துதான் வருது.

இப்ப பாட்டில் பிரச்சினை புரியும். அந்த பாட்டில்ல பெரும்பாலும் இருக்கறது கார்பனேட், பைகார்பனேட் உப்புதான். அதை ஊத்தினா ஏறி நிக்கறது ஆல்கலினிட்டி. ரூம் காற்று மாறாததால பிஎச் திரும்ப இறங்கிடும். நீங்க மறுபடி ஊத்துவீங்க. ரெண்டு வாரத்துல ஆல்கலினிட்டி 13, 14 ஆகிடும். பம்ப் மேல வெள்ளையா படியும், கால்சியம் குறையும், பவளத்தோட நுனி கருகும். மருந்துனு நினைச்சு ஊத்தினதே நோயாயிடும்.

அதனால டெஸ்ட் கிட் வாங்க பட்ஜெட் கம்மின்னா, முதல்ல ஆல்கலினிட்டி கிட் வாங்குங்க. ஒரு கணக்கு சொல்றேன். பவளம் வளரும்போது ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் குறைஞ்சா, கால்சியம் வெறும் 20 பிபிஎம்தான் குறையும். 420-ல 20 போனா யாருக்கும் தெரியாது. ஆனா 8-ல 2.8 போச்சுன்னா ஆபத்து. முதல்ல அடி வாங்கறது எப்பவும் ஆல்கலினிட்டிதான். கால்சியம் 400-லிருந்து 450, மெக்னீசியம் 1,250-லிருந்து 1,350, இதை மாசம் ரெண்டு தடவை பார்த்தா போதும். எந்த எண்ணா இருந்தாலும் ஏறக்குறைய நிலையா இருக்கறதுதான் முக்கியம்.

சரி, ரூம் காற்றுக்கு என்ன வழி? பகல்ல ஏசி ஓடாத நேரம் ஜன்னலைத் திறங்க. ராத்திரிக்கு, ப்ரோட்டீன் ஸ்கிம்மரோட காற்றுக் குழாயை நீட்டி, ஏசி பைப் போற ஓட்டை வழியா வெளிய விடுங்க. ஸ்கிம்மர் வெளிக்காற்றை இழுத்துக்கும். ஒண்ணு மட்டும் கவனம்: தெருவுல கொசு மருந்துப் புகை அடிக்க வந்தா உடனே குழாயை எடுத்துடுங்க. கொசுவைக் கொல்ற மருந்து இறால், மீனையும் கொல்லும்.

இன்னொரு வழி நம்ம பாட்டிக்குத் தெரிஞ்ச பொருள்: சுண்ணாம்பு. ஸ்கூல் லேப்ல தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில ஸ்ட்ரா வச்சு ஊதினா பால் மாதிரி ஆச்சே, ஞாபகம் இருக்கா? அதே வேதியியல்தான். தெளிஞ்ச சுண்ணாம்பு நீர் கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சுக்கும், கூடவே கால்சியமும் ஆல்கலினிட்டியும் தரும். ஆவியாகிப் போற தண்ணிக்குப் பதிலா, ராத்திரியில சொட்டுச் சொட்டா விடணும். அதோட பிஎச் 12-க்கு மேல, அதனால மொத்தமா ஊத்தவே கூடாது. கையுறை போடுங்க, பாத்திரத்தை மூடி வைங்க. வெத்தலைக் கடை சுண்ணாம்பு வேண்டாம், அதுல வேற என்ன கலந்திருக்குன்னு தெரியாது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்க.

அடுத்தது தண்ணி. மயிலாப்பூர்ல ஒரே அபார்ட்மென்ட் சம்ப்ல மெட்ரோ வாட்டர், லாரி தண்ணி, போர் தண்ணி மூணும் கலந்திருக்கும். வாரத்துக்கு வாரம் மாறும். "வீட்டுல ஆர்ஓ இருக்கே"னு சொல்லுவீங்க. குடிக்கற ஆர்ஓ மெஷின்ல நிறைய மாடல்கள் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும். ஒரு கணக்கு: 100 லிட்டர் டேங்க்ல தினமும் 2 லிட்டர் ஆவியாகுது, நீங்க டிடிஎஸ் 100 இருக்கற தண்ணி ஊத்தறீங்க. ஆவியா போறது தண்ணி மட்டும்தான், கரைஞ்சது எல்லாம் தங்கிடும். ஒரு மாசத்துல 6 கிராம் வேண்டாத பொருள் சேரும். அதனால ஆர்ஓவுக்கு அப்புறம் டிஐ ஃபில்டர் போட்டு, டிடிஎஸ் மீட்டர்ல பூஜ்யம் காட்டற தண்ணியை மட்டும் பயன்படுத்துங்க.

அடையாறுல இருக்கறவங்களுக்கு ஒரு ஆசை வரும்: பெசன்ட் நகர் பீச் பக்கத்துலதானே, கேன்ல பிடிச்சுக்கலாமே? வேண்டாம். அடையாறு கழிமுகம் அங்கேயே இருக்கு, நகரத்துக் கழிவு அது வழியாவும் கடலுக்குப் போகுது. வடகிழக்குப் பருவமழை நேரத்துல கரையோரம் உப்பும் குறையும். டிஐ தண்ணியில செயற்கை உப்பு கலந்து, உப்புத்தன்மை 35 வர்ற மாதிரி வைங்க.

கடைசியா, இதுல சட்டமும் இருக்கு. கடல்ல பாறை கட்டற கடினப் பவளங்கள் எல்லாத்தையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. நம்ம கடல்ல இருந்து எடுத்த பவளத்தை விக்கறதும் வாங்கறதும் குற்றம். கொளத்தூரோ வேற எங்கயோ, கடையில யாராவது "ராமேஸ்வரம் பீஸ்"னு காட்டினா திரும்பி வந்துடுங்க. வெளிநாட்டுதுன்னு சொன்னா இறக்குமதி அனுமதிப் பேப்பர், பில் ரெண்டையும் கேளுங்க. காட்டலன்னா வாங்காதீங்க. 

இது ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, மன்னார் வளைகுடாவைப் பாருங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுகள், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்க பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தாங்க. 2 தீவுகள் தண்ணிக்குள்ள போயிடுச்சு. 2010-லும் 2016-லும் கடல் சூடாகி பவளங்கள் வெளுத்தன. இப்ப இன்னொரு பிரச்சினை: தொழிற்புரட்சிக்கு முன்னாடி சுமார் 8.2-ஆக இருந்த கடலோட பிஎச் இப்போ 8.1 கிட்ட வந்துடுச்சு. காரணம் அதே கார்பன் டை ஆக்சைடுதான். கடலுக்கு ஏசி பைப் ஓட்டை வழியா குழாய் விட முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூணே வேலை. காலை, மாலை ரெண்டு நேரமும் பிஎச் குறிச்சு வைங்க. ஆல்கலினிட்டியை ரெண்டு நாளுக்கு ஒரு தடவை பாருங்க. அந்த டம்ளர் சோதனையைப் பண்ணுங்க. எண்களை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் எதையும் அவசரப்பட்டு டேங்க்ல ஊத்தாதீங்க.