பழைய படகுக்கு நாம் செய்ய வேண்டியது

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்றது நம் ஏற்காடு. அந்த ஏரியிலே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் மிதப்பதை நாளும் காண்கிறோம். படகு ஓடும் காலத்தை எல்லோரும் நினைப்பர். ஓய்ந்த படகு என்னவாகும் என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

முற்காலத்தில் இக்கேள்வி எழவில்லை. மரப்படகு பழுதுற்றால் அடுப்புக்கு விறகாகும், சாம்பல் எருவாகும். ஃபைபர் படகு அத்தகையதன்று. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தது அது. இறுகியதை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. மண்ணில் புதைத்தாலும் மக்காது. திறந்தவெளியில் எரித்தால் நச்சுப் புகை எழும். எரியாத இழைகள் தூளாகிக் காற்றிலும் ஓடையிலும் கலக்கும். பொருள் மாறிவிட்டது, நம் பழக்கமோ மாறவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நம் கடற்கரை மீனவருக்கு ஏராளமான ஃபைபர் படகுகள் உதவியாக வழங்கப்பட்டன. அவையும் ஒருநாள் ஓய வேண்டியவையே. பிரான்சு நாட்டில் 2019 முதல், உல்லாசப் படகு செய்வோர் செலுத்தும் தொகையையும் கொண்டு பழைய படகுகளை முறைப்படி உடைக்கின்றனர். அத்தகைய ஏற்பாடு நமக்கும் வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, விரிசலைப் புதிய இழையும் பிசினும் இட்டு அடைத்து, படகின் ஆயுளை நீட்டுவது. இரண்டாவது, அடியில் துளையிட்டு மண் நிரப்பிச் செடி வளர்க்கும் தொட்டியாக்குவது. துளையின்றி விட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். மூன்றாவது, வேறு வழியே இல்லாதபோது, எஞ்சின், எண்ணெய், பேட்டரி, இரும்பு ஆகியவற்றை அகற்றி, முகமூடி அணிந்து, நீர் தெளித்து அறுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது. சுமார் 1,450 டிகிரி வெப்பமுள்ள அச்சூளையில் பிசின் எரிபொருளாகிறது. கண்ணாடி சிமெண்டோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு படகுக்காக லாரி அமர்த்துவது கட்டுப்படியாகாது. ஆகவே பலர் சேர்ந்து ஊராட்சியின் வழியாக முயல வேண்டும்.

நம்மிடம் படகு இல்லையே என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளிலும் காப்பித் தோட்டங்களிலும் உள்ள ஃபைபர் கூரைத் தகடும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். உடைந்த தகட்டைக் குப்பையோடு கொளுத்தினால் அப்புகையை முதலில் சுவாசிப்பவர் நம் பிள்ளைகளே. ஆகவே, ஒரு பொருளை வாங்கும் நாளிலேயே அதன் முடிவுக்கும் வழி தேடி வைப்போம்.