மேசை மேல என்ன விரிக்கிறது?

வீட்டுல ரிப்பேர் பண்ற பலரும் நல்ல சால்டரிங் அயர்ன் வாங்கிடறாங்க. மேசையைப் பத்தி யோசிக்கிறதில்லை.

சன்மைக்கா மேசை துடைக்கச் சுலபம்தான். ஆனா அதுல ஸ்டாட்டிக் சார்ஜ் தங்கும். நம்ம விரல்ல 'சுரீர்'னு தெரியணும்னா ஏறக்குறைய 3000 வோல்ட் வேணும். சில மாஸ்ஃபெட்டோட கேட் 100 வோல்ட்டுக்குள்ளேயே போயிடும்! அதனால, 'எனக்கு ஷாக் அடிக்கலையே'ங்கிறது ஒரு கணக்கே இல்லை.

அப்போ இரும்புத் தகடு போட்டு எர்த் பண்ணிடலாமா? வேண்டவே வேண்டாம். பேட்டரியோட ஒரு போர்டை அது மேல வெச்சாலே ஷார்ட் ஆகும். இ.எஸ்.டி. மேட் வேற மாதிரி: சார்ஜை மெதுவா கசியவிடும். அதோட எதிர்ப்பு 10 லட்சத்துல இருந்து 100 கோடி ஓம் வரைக்கும் இருக்கும். கடையில கிடைக்கிற நீல சிலிக்கான் மேட் சூடு தாங்கும், அவ்வளவுதான். எர்த் வயர் மாட்டறதுக்குப் பட்டன் இல்லைன்னா, அதை இ.எஸ்.டி. மேட்டுனு நம்பாதீங்க.

முக்கியமான விஷயம், எஸ்.எம்.பி.எஸ். நம்ம 230 வோல்ட் உள்ளே போய் டி.சி. ஆகும்போது 325 வோல்ட் வரைக்கும் வரும். பவர் கொடுத்துப் பார்க்கணும்னா எர்த் பண்ணின மேட்டை எடுத்திடுங்க, மணிக்கட்டுப் பட்டையையும் கழட்டிடுங்க. காய்ஞ்ச பிளைவுட் மேல இன்சுலேட்டிங் ரப்பர் மேட் போதும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரை மல்டிமீட்டர்ல அளக்காம தொடாதீங்க.

நிறமா? வெளிர் நிறம் எடுங்க. கறுப்பு மேட்ல மொபைல் ஸ்க்ரூ விழுந்தா அன்னிக்கு வேலை தேடறதுதான்.