வழி தவறி வந்த வினாக்கள்



நூல்களின் இறுதியிலே சொல்லடைவு இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகின்றது என்று அது கூறும். அச்சொல்லை நாம் எதற்காகத் தேடுகின்றோம் என்பதை அது அறியாது. இணையத்திலுள்ள தேடுபொறியும் அடிப்படையில் இத்தகையதொரு மாபெரும் சொல்லடைவே. ஆதலால், விளையாட்டைப் பற்றிச் சிறிதும் எண்ணாத ஒருவர், தாம் இட்ட ஒரு சொல்லின் காரணமாகத் துடுப்பாட்டக் கட்டுரை ஒன்றின் வாயிலில் வந்து நிற்பதுண்டு. வந்தவர் யாரென்று அறியாவிடினும், எச்சொற்கள் அவரை அழைத்து வந்தன என்பதை அப்பக்கத்தை நடத்துபவர் ஓரளவு அறியலாம். அவற்றைப் படிக்கும்போது சிரிப்பு எழுவது இயல்பே.

வாத்துக் கறி சமைக்க விரும்பும் ஒருவர் ஆங்கிலத்தில் 'டக்' என்று தேடுகிறார் எனக் கொள்வோம். ஓட்டம் எதுவும் பெறாமல் ஆட்டமிழப்பதற்கும் அதுவே பெயர். சுழியத்தின் வடிவம் வாத்து முட்டையை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. கறியை நாடியவர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்திற்கே வந்துவிடக்கூடும். டொன் பிரட்மன் தமது இறுதி டெஸ்ட் போட்டியில் நான்கு ஓட்டங்கள் பெற்றிருந்தால் அவரது சராசரி 100 ஆகியிருக்கும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே அவர் வீழ்ந்தார், சராசரி 99.94இல் நின்றது. அவரைச் சிறப்பிக்கும் வகையில் அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தனது அஞ்சற்பெட்டிக்கு 9994 என்ற இலக்கத்தைத் தெரிந்துகொண்டது. ஆகவே, வானொலிக்குக் கடிதம் எழுத முகவரி தேடுபவரும் பிரட்மனிடமே வந்து சேரலாம்!

ஆனால், 'ஆஷஸ்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். சாம்பல் என்பது அதன் பொருள். 1882இல் அதே ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவிடம் தோற்றபோது, பத்திரிகை ஒன்று இங்கிலாந்தின் துடுப்பாட்டம் இறந்துவிட்டதென்றும், அதன் சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படுமென்றும் வேடிக்கையாக எழுதிற்று. அதிலிருந்து எழுந்ததே அப்போட்டித் தொடரின் பெயர். தந்தையின் அஸ்தியை என்ன செய்வதென்று அறியாது அதே சொல்லை இடும் மகன் ஒருவன், இந்த வேடிக்கையின் முன் வந்து நின்றால், அங்கே நாம் சிரிக்க முடியுமா?

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. "ஐயா, ஆடுகளத்தில் இரவுக் காவலாளிக்கு என்ன வேலை?" என்று மாணவன் ஒருவன் வினவினான். வகுப்பு முழுவதும் நகைத்தது, நானும் நகைத்துவிட்டேன். மாலையில் ஆட்டம் முடியும் தறுவாயில், சிறந்த துடுப்பாட்ட வீரரைக் காப்பதற்காக அவருக்கு முன்னர் அனுப்பப்படுபவரே இரவுக் காவலாளி என்று பின்னர் விளக்கினேன். ஆயினும் அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறொரு வினாவும் எழுப்பவில்லை. 2006இல் அவுஸ்திரேலியாவின் ஜேசன் கில்லெஸ்பி, இரவுக் காவலாளியாகச் சென்று பங்களாதேஷுக்கு எதிராக ஆட்டமிழக்காது 201 ஓட்டங்கள் குவித்தார் என்ற செய்தியைப் படித்தபோது, இதை அவனுக்குச் சொல்ல இயலவில்லையே என்று வருந்தினேன்.

இயந்திரம் நம்மை நோக்கி நகைப்பதில்லை. அதனாலேயே மனிதரிடம் கேட்க நாணுவனவற்றை அதனிடம் கேட்கின்றோம். இன்றைய தேடுபொறிகள் சொல்லின் சூழலையும் ஓரளவு உணர்கின்றன. எனினும், தடுமாறிக் கேட்பவனின் முகத்தைப் பார்த்து, "தம்பி, நீ அறிய விரும்புவது எதனை?" என்று பரிவோடு வினவுவது மனிதருக்கே கைவந்தது. பெற்றோரும் ஆசிரியரும் அதனைச் செய்யத் தவறினால், பிள்ளைகளின் வினாக்கள் வேறு வாயில்களை நாடிச் செல்லும். அங்கு அவற்றுக்கு உரிய விடை கிடைக்குமென்பதற்கு உறுதியில்லை.

விந்தையான வினா அறியாமையின் அடையாளமன்று. அறிய விழைவதன் அடையாளம். அடுத்த முறை பிள்ளையொன்று அத்தகைய வினாவோடு நம் முன் வந்து நின்றால், நகைப்பைச் சற்றே அடக்கிக்கொள்வோமாக.