அரண்மனைக் கதவு திறந்துதான் இருக்கிறது

(சங்கத்தின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நினைவில் நிற்கும் ஹோட்டல்கள், விடுதிகள்" என்ற தலைப்பில் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். இந்த மேடையில் உபன்யாசம் கேட்டிருக்கிறோம், சர்க்கரை வியாதி பற்றி டாக்டர் பேசக் கேட்டிருக்கிறோம். ஹோட்டலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். இதில் நம் வீடுகளைப் பற்றிய ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

நான் வங்கியில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். ஜெய்ப்பூர், மும்பை, கொச்சி என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தேன். அதனால் பல ஊர்களைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் வருஷத்துக்கு ஒரு முறை நாலைந்து நாள் எங்காவது போய்த் தங்கிவிட்டு வருகிறோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

நம்மவர்கள் பிரயாணம் செய்யாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. காசி, கயா, பத்ரிநாத் போகிறோம். கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று ஊர் ஊராகப் போகிறோம். பெண்ணுக்குப் பிரசவம் என்றால் ஊறுகாய் பாட்டிலோடு அமெரிக்கா வரை போகிறோம். அந்தக் காலத்தில் ஆபீஸில் எல்.டி.சி. கிடைத்தால் கும்பகோணத்துக்கோ பாலக்காட்டுக்கோ டிக்கெட் எடுப்போம். இவை எல்லாமே கடமைக்கான பிரயாணங்கள். புருஷனும் மனைவியும் ஓய்வுக்கென்றே எங்காவது போய்த் தங்கியதுண்டா என்று கேட்டால், இந்த சபையில் எத்தனை கை உயரும்?

என் அம்மா காசியிலிருந்து ராமேஸ்வரம் வரை போனவள். போன இடத்துக்கெல்லாம் பம்ப் ஸ்டவ் கூடவே வரும். ஒரு பையில் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல். சத்திரத்தில் இறங்கியதும் அப்பா தரிசன நேரம் விசாரிக்கப் போவார். அம்மா ஸ்டவ்வைப் பற்ற வைப்பாள். பாரத தேசம் முழுக்கப் போனாள். எல்லா ஊரிலும் அவள் அதிக நேரம் பார்த்தது அந்த ஸ்டவ்வைத்தான். வேறொருவர் சமைத்துப் பரிமாற, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, வேறொருவர் விரித்த படுக்கையில் படுத்தாள் என்பது ஒரு நாளும் இல்லாமலே 71 வயதில் காலமானாள். யாரையும் குறை சொல்லவில்லை. மடி, ஆசாரம், கையிருப்பு எல்லாம் சேர்ந்து அன்றைக்கு அப்படித்தான் இருக்க முடிந்தது. இன்றைக்கு நம்மில் பலருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. இருந்தும் நம் வீட்டுப் பெண்மணிகளில் பலர் அதே மாதிரிதான் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் நினைவில் நிற்கும் ஹோட்டல்கள் பல, ஹோட்டலாகக் கட்டப்பட்டவையே அல்ல. அவை ராஜாக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட மாளிகைகள்.

உதய்ப்பூரில் பிச்சோலா ஏரி நடுவே வெள்ளை வெளேர் என்று ஒரு மாளிகை மிதப்பது போல நிற்கும். ஜக் நிவாஸ் என்று பெயர். மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 1743 முதல் 1746 வரை கட்டிய கோடைக்கால அரண்மனை. நாடு சுதந்திரம் அடைந்து சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு, இவ்வளவு பெரிய கட்டடங்களைப் பராமரிப்பது ராஜ குடும்பங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. மகாராணா பகவத் சிங் இந்த மாளிகையை 1963-ல் ஹோட்டலாகத் திறந்தார். 1971 முதல் அதை தாஜ் நிறுவனம் நடத்துகிறது. இன்றும் படகில்தான் போய் இறங்க வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் ஏரி வற்றியதும் உண்டு. அதனால் உதய்ப்பூர் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்து, ஏரி நிரம்பியிருக்கும்போது போவது உத்தமம்.

ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை இதற்கும் முன்னோடி. மகாராஜா சவாய் மான்சிங் 1957-லேயே அதை ஹோட்டலாக்கிவிட்டார். அந்த இடத்தில் 1835-ல் முதன்முதலில் எழுந்தது ஒரு தோட்ட வீடு. அரண்மனையில் பணி செய்த ஒரு பெண்மணிக்காகக் கட்டியது என்கிறார்கள். நாளெல்லாம் உழைத்த பெண்ணுக்கு ஒரு தோட்ட வீடு கொடுக்கலாம் என்று ஒரு ராஜ குடும்பத்துக்குத் தோன்றியிருக்கிறது. மாமாக்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

ஜோத்பூரில் உமைத் பவன். பஞ்ச காலத்தில் குடிமக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா உமைத் சிங் 1929-ல் தொடங்கி 1943-ல் முடித்தது. 347 அறைகள். ஆயிரக்கணக்கானோர் வருஷக்கணக்கில் அதில் வேலை செய்து பிழைத்தார்கள். இன்று ஒரு பகுதியில் ராஜ குடும்பம் வசிக்கிறது. ஒரு பகுதி ஹோட்டல், இன்னொரு பகுதி மியூசியம். ஹோட்டலில் தங்க வசதியில்லாதவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மியூசியத்தைப் பார்க்கலாம்.

1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தத்தால் மன்னர் மானியம் நின்றது. மேலும் பல அரண்மனைகள், கோட்டைகள், ஹவேலிகள் விருந்தினருக்குத் திறக்க ஆரம்பித்தன. மைசூரில் வைஸ்ராய் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய லலிதா மஹால் 1974-ல் ஹோட்டலானது. டில்லி–ஜெய்ப்பூர் சாலையில் உள்ள நீம்ரானா கோட்டை 1464-ஐச் சேர்ந்தது. இடிபாடாகக் கிடந்த அதை அமன் நாத், பிரான்சிஸ் வாக்சியார்க் என்ற இரு நண்பர்கள் 1986-ல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டு 1991-ல் விருந்தினர்களுக்குத் திறந்தார்கள்.

ராஜாவைத் தவிர வேறு யாரும் காலடி வைக்க முடியாத இடங்கள் இவை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

"பணம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். மேலே சொன்ன பெரிய அரண்மனைகளில் ஓர் இரவு வாடகை, பலருடைய ஒரு மாதப் பென்ஷன். ஆனால் ராஜஸ்தானில் சின்ன ஊர்களில்கூட ஹவேலி விடுதிகள் இருக்கின்றன. அங்கே வாடகை எவ்வளவோ குறைவு. கவனிப்பில் குறை இருக்காது. பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்களே வந்து விசாரிப்பார்கள். கேரளத்தில் அரசாங்கத்தின் கே.டி.டி.சி. நடத்தும் இடங்கள் உண்டு. கொச்சியில் போல்காட்டி மாளிகை 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டியது. பிறகு ஆங்கிலேய ரெசிடென்ட் வசித்தது. தேக்கடியில் பெரியாறு ஏரிக்கரையில், காட்டுக்குள்ளேயே, திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகை இருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய அறைகள்தான். படகில் அழைத்துப் போவார்கள். சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்தால், தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களைப் பார்க்கும் அதிர்ஷ்டம் உண்டு.

குமரகத்தில் கோகனட் லகூன் என்று ஒன்று. இடிபட இருந்த பழைய தறவாட்டு வீடுகளை மரம் மரமாகப் பிரித்து எடுத்து வந்து, தச்சு சாஸ்திரம் தெரிந்த ஆசாரிகளைக் கொண்டு அப்படியே திரும்பக் கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மர மச்சைப் பார்த்தபோது என் மனைவி சற்று நேரம் பேசாமல் நின்றாள். அவளுடைய தாத்தா வீடு அப்படித்தான் இருந்ததாம். அது இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

இதனால்தான் நட்சத்திரத்தை எண்ணி ஹோட்டல் தேடாதீர்கள் என்கிறேன். ஐந்து நட்சத்திர ஹோட்டல் அறை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அதே திரைச்சீலை, அதே டெலிவிஷன். இரண்டு நாள் கழித்து எந்த ஊர் அறை என்று ஞாபகம் இருக்காது. தங்குமிடமே அந்த ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். மத்திய சுற்றுலாத் துறை 'ஹெரிட்டேஜ் ஹோட்டல்' என்று ஒரு தனி வகையே வைத்திருக்கிறது. 1950-க்கு முன் கட்டப்பட்ட மாளிகை, கோட்டை, ஹவேலி போன்றவைதான் அதில் சேரும். தேடும்போது அந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி, நம்மவர்கள் கவனிக்க வேண்டிய சில நடைமுறை விஷயங்கள்.

முதலாவது, படிக்கட்டு. பழைய கோட்டைகளில் லிப்ட் வைப்பது கஷ்டம். நீம்ரானா மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியது. பார்க்க அழகு, முழங்காலுக்குச் சோதனை. ஒரு மலைவாசஸ்தல விடுதியில், அழகான புகைப்படத்தைப் பார்த்து என் அத்திம்பேர் அறை போட்டார். போன பிறகுதான் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அறைக்கும் நடுவே 62 படிகள் என்று தெரிந்தது. அக்கா மூன்று நாளும் அறையை விட்டு இறங்கவே இல்லை. புகைப்படத்தில் படி தெரியாது. ஆகவே போனில் கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா? அங்கிருந்து சாப்பாட்டுக் கூடம் எவ்வளவு தூரம்? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?

இரண்டாவது, சாப்பாடு. ராஜஸ்தான், குஜராத் பக்கம் "ஜெயின் உணவு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் இல்லாமல் செய்து தருவார்கள். அங்கே கிடைக்கும் கடி, நம் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. கட்டே கறியைச் சாப்பிட்டால் பருப்பு உருண்டைக் குழம்பு ஞாபகம் வரும். தயிர் சாதம் வேண்டும் என்றால் சாதமும் தயிரும் தனித்தனியாகக் கேளுங்கள்; மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம். தயவு செய்து எலக்ட்ரிக் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள். அது வந்தால் கூடவே வேலையும் வந்துவிடும்.

மூன்றாவது, கட்டணம். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டியும் சேர்த்து. எம்.ஏ.பி. என்றால் சிற்றுண்டியும் ஒரு வேளைச் சாப்பாடும். ஏ.பி. என்றால் மூன்று வேளையும். வெளியில் சாப்பாட்டுக் கடை இல்லாத காட்டிலும் தீவிலும் ஏ.பி.தான் சௌகரியம். ஜி.எஸ்.டி. தனி. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். கேரளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மழைக்காலத்தில் பல விடுதிகளில் கட்டணம் குறையும். மழையை வராந்தாவிலிருந்து பார்ப்பதற்கே போகலாம்.

நான்காவது, நேரம். நம் ரயில் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேரும். பெரும்பாலான ஹோட்டல்களில் பகல் இரண்டு மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். ஸ்நானம், சந்தியாவந்தனம், மாத்திரை எல்லாம் அந்த எட்டு மணி நேரத்தில் மாட்டிக்கொள்ளும். சீக்கிரம் அறை கிடைக்குமா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, குழந்தைகள். பேரன் பேத்தியோடு போவதானால் கட்டாயம் போங்கள். ஆனால் அதைத் தனிப் பிரயாணமாக வைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அது விடுமுறை ஆகாது.

ஒரு ஹோட்டலைப் பெரிதாக்குவது கல்லும் பளிங்கும் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மும்பை தாஜ் மஹால் ஹோட்டல் 1903 டிசம்பரில் திறந்தது. 2008 நவம்பர் 26-ல் அங்கே பயங்கரவாதிகள் புகுந்தபோது, பணியாளர்கள் தப்பி ஓடாமல் விருந்தினர்களைக் காப்பாற்ற நின்றார்கள். சிலர் உயிரையே கொடுத்தார்கள். சேதமடைந்த பழைய கட்டடம் 2010 ஆகஸ்ட் 15-ல் மறுபடி திறந்தது. எந்த விடுதியில் தங்கினாலும் அறையைச் சுத்தம் செய்கிறவரிடமும் பரிமாறுகிறவரிடமும் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். நம்மைத் தாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்திக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்குகிறீர்கள். வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கும். ஐந்தாவதும் பீரோவுக்குள் போகும். அந்தப் பணத்தில் அப்பா அம்மா இருவருக்கும் மட்டும் மூன்று நாள் ஒரு நல்ல இடத்தில் ஏற்பாடு செய்யுங்கள். சதாபிஷேகத்துக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எண்பதில் வசதி இருக்கலாம். படி ஏறும் கால் இருக்குமா, கூட வர இருவரும் இருப்பார்களா என்று யாரால் சொல்ல முடியும்? அம்மா வேண்டாம் என்பாள். வீண் செலவு என்பாள், பாலுக்கு யார் சொல்வது என்பாள். கேட்காதீர்கள். டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்கள், தாங்கள் தங்கிய நல்ல விடுதிகளை, எத்தனை படி, என்ன சாப்பாடு என்ற விவரத்தோடு இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால் எல்லோருக்கும் உபகாரமாக இருக்கும்.