தளர்வு யாருக்கு?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கொரோனா காலத்து இடைவெளி விதிகளைத் தளர்த்துவது பற்றி மக்கள் மனோபாவம் எப்படி இருந்தது என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. நோய் போய் வருசக்கணக்காச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னு சிலருக்குத் தோணலாம். 2020லயும் 2021லயும் 'இறுக்கணுமா, தளர்த்தணுமா'ன்னு நாடே விவாதம் பண்ணிச்சு. அந்த விவாதத்தில் இந்தச் சமூகம் தன்னைப் பற்றித் தானே நிறைய வாக்குமூலம் கொடுத்திருக்கு. அதை நாம் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்றால், அடுத்த கொள்ளைநோயிலும் நம் சனங்கள் அதே இடத்தில்தான் நிற்பார்கள்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க 21 நாள் முடக்கம் வந்தது. தமிழில் அதற்கு 'ஊரடங்கு' என்று பெயர். கலவரம் வந்தால் போடுகிற உத்தரவுக்கு நாம் வைத்திருந்த சொல். ஊர் அடங்கணும், சரி. சேரி? நமக்குத் தெரிந்த வரைக்கும் ஊர் வேறு, சேரி வேறு. சேரி என்றைக்கு அடங்காமல் இருந்தது, புதுசா அடங்கச் சொல்ல?

அடுத்த சொல் 'சமூக இடைவெளி'. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 20ஆம் தேதியே இந்தச் சொல் வேண்டாம், 'உடல் இடைவெளி' என்று சொல்லுங்கள் என்றது. உடம்பு தள்ளி இருந்தால் போதும், மனுசங்க உறவோடுதான் இருக்கணும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் இங்கே மாதக்கணக்கில் கடைச் சுவரிலும் போலீஸ் மைக்கிலும் 'சமூக இடைவெளி'தான் ஓடியது. இந்தப் பொதுப்புத்திக்கு அந்தச் சொல் உறுத்தவே இல்லை. ஏனென்றால் சமூகம் என்பதே இடைவெளிதான் என்று பழகிப்போன புத்தி அது.

அப்போது நம் ஆட்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு வந்தது. ஒன்று, 'இது தீண்டாமைக்குப் புதுப் பேர், எதிர்க்கணும்' என்பது. இன்னொன்று, 'இது அறிவியல், இதில் சாதியை இழுக்காதே' என்பது. இரண்டுமே போதாது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் பேஷ்வாக்கள் ஆட்சியைச் சொல்கிறார். அன்றைய பூனாவில் தீண்டத்தகாதவர் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும், நடந்த தடத்தை அது கூட்டிக்கொண்டே வரணும். கழுத்தில் மண்சட்டியைத் தொங்கவிட வேண்டும், எச்சில் தரையில் விழக் கூடாது. 2020இல் எல்லார் வாய்க்கும் துணி கட்டினார்கள், எச்சில் தெறிக்கக் கூடாது என்று. பார்த்தால் ஒன்று போலத் தெரியும். ஆனால் கொரோனா முகக்கவசத்தை நீயும் கட்டினாய், நானும் கட்டினேன். உன்னிடமிருந்து எனக்கு வரலாம், என்னிடமிருந்து உனக்கு வரலாம். அந்தத் தூரம் இரண்டு பக்கமும் சமம். மண்சட்டி அப்படி இல்லை, அது ஒருத்தன் கழுத்தில் மட்டும்தான். அவனுக்கு நோய் இருக்கா இல்லையா என்று எவனும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆக, தூரத்தை வைத்து முடிவு பண்ண முடியாது. அது இரண்டு பேருக்கும் பொதுவான விதியா, இல்லை ஒருத்தனை மட்டும் அழுக்காக்குகிற விதியா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைத் திரும்பிப் பாருங்கள்.

நோய்க்கான விதி இரண்டு பக்கமும் சமம் என்று சொன்னேன். காகிதத்தில்தான் அப்படி. ஆறடி தள்ளி நிற்க ஆறடி இடம் வேணுமில்லையா? மும்பை தாராவி மொத்தமே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். அதில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப்போன நம் சனங்கள் பல தலைமுறையாக அங்கே குடியிருக்கிறார்கள். சென்னையில் கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பிடுங்கி கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டார்களே, அங்கே தொடக்கத்தில் கட்டிய வீடுகள் சுமார் 200 சதுர அடி. ஐந்து பேர், ஆறு பேர் இருக்கிற வீட்டில் யார் யாரிடமிருந்து தள்ளி நிற்பது? கை கழுவு, கை கழுவுன்னு சொன்னார்கள். குடம் வைத்து வரிசையில் நிற்கிறவளிடம் அதைச் சொன்னார்கள். விதியைக் கடைப்பிடிக்கிற வசதியே ஒரு சொத்தாக இருந்தது. அந்தச் சொத்து இல்லாதவர்களுக்குக் 'கட்டுப்பாடில்லாத சனங்க' என்று பெயர் கிடைத்தது.

கோயம்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 24ஆம் தேதி, சென்னை உள்ளிட்ட மாநகராட்சிகளில் 26ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு என்று திடீரென்று அறிவித்தார்கள். இடையில் கிடைத்தது ஒரே ஒரு நாள். சனம் காய்கறிக்கும் மளிகைக்கும் முண்டியடித்தது. அந்தக் கூட்டத்தை உண்டாக்கியது உத்தரவு. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். பழி விழுந்தது யார் மேல்? மூட்டை தூக்குகிறவன் மேல், கூறு கட்டி விற்கிறவள் மேல். அவர்கள் ஊர் திரும்பியபோது கிருமியே நடந்து வருகிற மாதிரி பார்த்தார்கள்.

சரி, தளர்வுக்கு வருவோம். எது முதலில் திறந்தது, எது கடைசியில் திறந்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். 2020 மே 7ஆம் தேதி சென்னைக்கு வெளியே டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். இடைவெளி இல்லை என்று மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்சநீதிமன்றம் வரை போய் 15ஆம் தேதி தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. தொழிற்சாலைகளைப் படிப்படியாகத் திறந்தார்கள், ஆனால் பொதுப் பேருந்து ஓடவில்லை. வேலைக்கு வா, எப்படி வருவாய் என்பது உன் பாடு. ஜூனில் சில இடங்களில் ஓடவிட்ட பேருந்தையும் ஜூலையில் நிறுத்தினார்கள். செப்டம்பரில்தான் மறுபடி விட்டார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி கோயில்கள் எல்லாம் திறந்தன. 2021 ஜனவரி 4ஆம் தேதி திரையரங்கில் நூறு சதவீதம் உட்காரலாம் என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் நான்கே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் எப்போது திறந்தது தெரியுமா? 2021 நவம்பர் 1. ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! சாராயக் கடை முதல் சுற்றில் ஒன்றரை மாதம் மூடியிருக்கவே அரசால் தாங்க முடியவில்லை. நம் பிள்ளைகள் பத்தொன்பது மாதம் பள்ளிக்கூடம் இல்லாமல் இருப்பதைத் தாங்கிக்கொண்டார்கள். கைபேசி இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஆடு மேய்க்கவும் செங்கல் சூளைக்கும் போனது.

இந்த வரிசைக்குப் பின்னால் மக்கள் கருத்து இருந்தது. மாதச் சம்பளம் தவறாமல் வந்தவன், 'இன்னும் ஒரு மாசம் நீட்டிக்கலாம், உயிர்தான் முக்கியம்' என்றான். தினக்கூலிக்காரன், 'திறந்துவிடுங்க, நோயில் சாகிறதுக்கு முன்னாடி பசியில் செத்துருவோம்' என்றான். உடனே முன்னவன் பொறுப்பானவன், பின்னவன் முட்டாள் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் அதே பொறுப்பானவர், பத்துப் பாத்திரம் தேய்க்க ஆள் இல்லை என்றதும், 'வேலைக்காரங்களை மட்டும் உள்ள விடலாமே' என்றார். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவர்களைச் சோதித்து, கையில் மருந்து தெளித்து, லிஃப்டில் ஏறக் கூடாது என்று படியேறவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு லிஃப்டில் வராத கொரோனா வேலைக்காரம்மாவுக்கு மட்டும் வருமா? கொரோனா அங்கே சும்மா ஒரு சாக்கு. தனித் தம்ளருக்குப் பழைய காரணம் தீட்டு, புதுக் காரணம் தொற்று.

ஆக, தளர்வு வேண்டும் என்றவன் எல்லாம் நோயை அலட்சியம் பண்ணினவன் இல்லை, வேண்டாம் என்றவன் எல்லாம் அறிவியல்வாதியும் இல்லை. வயிறு எந்தப் பக்கம் இருக்கிறதோ, கருத்து அந்தப் பக்கம் இருந்தது. 2020 மே 8ஆம் தேதி அவுரங்காபாத் பக்கம், ஊருக்கு நடந்துபோன தொழிலாளிகள் பதினாறு பேர் தண்டவாளத்தில் படுத்த இடத்தில் சரக்கு ரயில் ஏறிச் செத்தார்கள். அவர்களிடம் யாரும் கருத்து கேட்கவில்லை.

இப்போது இன்னொரு தூரத்துக்கு வருகிறேன். அதே 2020 ஜூலை, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி. தலித் பெண் ஊராட்சித் தலைவர். கூட்டத்தில் மற்றவர்களுக்கு நாற்காலி, தலைவருக்குத் தரை! அந்தப் படம் அக்டோபரில் வெளியே வந்துதான் நாட்டுக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் 15ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு 20ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார். நாடு முழுக்க இடைவெளியைத் தளர்த்துவது பற்றிப் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்கள் இவை. நாற்காலிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைத் தளர்த்த எந்த நிபுணர் குழு கூடியது?

பிணத்தைப் பற்றியும் சொல்லணும். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவரைப் புதைக்கவிடாமல் கும்பல் கல்லெறிந்தது. கொடுமைதான், நாம் எல்லாரும் கண்டித்தோம். ஒரே வாரத்தில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று. நல்லது. ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்னால், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் சுடுகாட்டுக்குப் பாதை விடாததால் தலித் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே? அந்த வாரத்தில் ஏன் அவசரச் சட்டம் வரவில்லை?

கோயிலும் அப்படித்தான். நோய்க்காக மூடிய கோயிலைத் திறக்கச் சொல்லி எவ்வளவு கூக்குரல்! அதே தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்று தகராறு பண்ணியதால் 2023 ஜூனில் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சாமியைப் பூட்டினாலும் பூட்டுவோம், தூரத்தைத் தளர்த்த மாட்டோம் என்பதுதானே அங்கே ஆதிக்க சாதியின் நிலை?

இது இன்றைக்கு நேற்றுக் கதை இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. மறுவருடம் வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம் போட்டான். 2020இல் மாநில அரசுகள் எடுத்துப் பயன்படுத்தியதும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான். வீடு புகுந்து சோதித்தார்கள், நோயாளிகளைப் பிரித்து முகாமில் வைத்தார்கள். பட்டாளத்துக்காரன் பண்ணிய அட்டூழியம் உண்மை. ஆனால் வந்த எதிர்ப்பில் இன்னொன்றும் கலந்திருந்தது: கண்ட சாதியோடு ஒரே ஆஸ்பத்திரியில் படுப்பதா என்கிற கோபம். கடைசியில் பம்பாயில் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனி ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். நோய்த் தடுப்பு விதி தளர்ந்தது, சாதி விதி தளரவில்லை. 1897 ஜூனில் பூனாவின் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்கள் நாட்டு வரலாற்றில் வீரர்கள் ஆனார்கள். அதே ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த நோய் தொற்றியே இறந்துபோனார் சாவித்ரிபாய் பூலே. நோயாளியைத் தொட்டுத் தூக்கியவர் அவர். நமக்கு வழிகாட்டி அவர்தான்.

அதனால் நாம் என்ன நிலை எடுக்க வேண்டும்? நோய் வந்தால் முதலில் சாவதும் நம் சனம்தான். எனவே 'இடைவெளி எல்லாம் பார்ப்பனியச் சதி' என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. இடைவெளி வேண்டும். அதைக் கடைப்பிடிக்க வீடு, தண்ணீர், வேலை இழந்த நாளுக்குக் கூலி, ரேசன் எல்லாம் அந்த உத்தரவோடு சேர்ந்தே வர வேண்டும். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவெடுக்கிற குழுவில் மருத்துவரோடு துப்புரவுத் தொழிலாளியும் சேரிப் பெண்ணும் உட்கார வேண்டும், நாற்காலியில். பள்ளிக்கூடம் கடைசியில் மூடி முதலில் திறக்க வேண்டும்.

துப்புரவுத் தொழிலாளிகளை அன்றைக்கு 'முன்களப் பணியாளர்' என்று கொண்டாடினார்கள். காலைக் கழுவினார்கள், மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்கள் வேலையைப் பிடுங்காதே என்று அவர்கள் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் தூக்கி வண்டியில் ஏற்றியது. மாலை வாடுவதற்கு அவ்வளவு காலம்தான் ஆயிற்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், 2020இலும் 2021இலும் யார் யாரை எங்கே நிறுத்தினார்கள், எந்தக் கடையில் யாருக்குத் தனி வரிசை, எந்தக் குழாயில் தண்ணீர் மறுத்தார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை என்பதைக் கேட்டு எழுதுங்கள். பாட்டிகளிடம் கேளுங்கள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களிடம் கேளுங்கள். அரசு தன் அறிக்கையை எழுதி வைத்திருக்கிறது. நம்முடையதை நாம்தான் எழுத வேண்டும். அடுத்த முறை தளர்வு பற்றிப் பேச்சு வரும்போது நம் கையில் அது இருக்கணும்.

ஜெய் பீம்.